இடுப்பில் பட்ட ஊமைக்காயமும் அடுத்த ஆட்டமும்

எருமப்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் கபடி இளைஞர்களின் பெருமைக்குரிய ஆட்டம். 1990ஆம் ஆண்டு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம்பெற்று வருகிறது. பிள்ளைகள் ஆட வேண்டும் என்பதே எமது விருப்பமும். ஆயினும், இடுப்பில் அடிபட்டவருக்கு அன்றிரவே தைலம் தேய்த்துச் சுளுக்கு எடுத்து, மறுநாள் களத்தில் இறக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று கருதுகிறோம்.

இடுப்பில் கை ஊன்றி நிற்கும்போது கைக்குத் தட்டுப்படும் எலும்பு விளிம்பின் மேல் சதைப்பற்று மிகக் குறைவு. பிடிக்க வருபவரின் முழங்கால் இடித்தாலும், பிடிபட்டவர் தரையில் மோதினாலும் அங்கே இரத்தம் கட்டும். வயிற்றுத் தசைகள் அவ்விளிம்பில் பற்றியிருப்பதால், திரும்பிப் படுக்கும்போதும் இருமும்போதும் சிரிக்கும்போதும்கூட வலிக்கும்.

"ஊமைக்காயம்தானே, எக்ஸ்ரே எதற்கு?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஊமைக்காயம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது உண்மையே. முறிவு இருக்கிறதா என்று பார்க்கவே அதை எடுக்கிறோம். பதின்ம வயதினருக்கு இவ்விளிம்பின் வளர்ச்சிப் பகுதி எலும்போடு முழுமையாக இணைந்திராது. தசையின் திடீர் இழுப்பில் அது விலகிவிடக்கூடும். அத்தகைய இடத்தை அழுத்தி உருவினால் கேடு பெருகும்.

முறிவு இல்லையெனில் மருத்துவம் எளியது. முதல் இரண்டு நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை, நாளில் பல முறை வைக்கலாம். அந்நாட்களில் வெந்நீர் ஒத்தடமும் உருவிவிடுதலும் இரத்தக்கட்டைப் பெரிதாக்கும். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். ஆஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். நொண்டி நடப்பவருக்கு ஊன்றுகோல் உதவும். வலி தணிந்தபின் மெல்ல உடற்பயிற்சி தொடங்கலாம்.

கால் ஊன்ற இயலாமை, தொடை மரத்துப்போதல், வயிற்று வலி, சிறுநீரில் இரத்தம், பெருகும் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பெரும்பாலானோர் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தேறுகின்றனர்; அடி கடுமையாயின் மேலும் சில வாரங்கள் ஆகலாம். நாட்கணக்கைவிட உடல் காட்டும் தேர்ச்சியே முக்கியம்: வலியின்றி ஓடவும், சட்டெனத் திரும்பவும், அடிபட்ட பக்கத்துக் காலால் குதிக்கவும் முடிந்த பின்னரே களம் இறங்கலாம்.

"இறுதி ஆட்டத்துக்கு அவன் இல்லாவிட்டால் எப்படி?" என்று குழுவினர் வீட்டு வாசலில் வந்து கேட்கும்போது, "வலிக்கிறது" என்று சொல்லப் பிள்ளைகள் கூசுகிறார்கள். அவர்களுக்காக அதைச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே. போட்டி நடத்துவோரும் கோப்பை வாங்கும்போதே ஒரு பெட்டி பனிக்கட்டியும் வாங்கி வைக்கலாம். அடிபட்டவரை ஓரமாக அமர்த்தி மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். அடுத்த ஆண்டும் திருவிழா வரும். அப்போதும் அப்பிள்ளை ஆட வேண்டும்.