இலங்கை வானொலியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

வானொலி பற்றிய தங்கள் கட்டுரையில் இன்றைய பண்பலை நிலையங்கள் எல்லாம் இடம்பெற்றிருந்தன. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைக்கு ஒரு வரிகூட இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஓரங்கட்டியபோது நம் காதுகள் கொழும்புப் பக்கம் திரும்பின. எங்கள் தூத்துக்குடியில் மத்திய அலையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலத் துல்லியமாகக் கேட்கும். பாட்டுக்காக மட்டுமா கேட்டோம்? அறிவிப்பாளர்களுக்காகவும்தான். மயில்வாகனம் போட்ட பாதை அது. கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவார், ஆனால் ஓர் எழுத்துகூட நசுங்காது. 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் அவர் கேள்வி கேட்க, படத்தின் வசனமே பதிலாக வந்து விழும். 1989இல் அவர் கொல்லப்பட்ட செய்தி, வீட்டில் ஒருவரை இழந்ததுபோல இங்கே பலரை உலுக்கியது. ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு தனி ரகம். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பிற்பாடு சன் டிவி வரை வந்ததை எல்லோரும் அறிவர்.

ஒவ்வொரு பாட்டுக்கும் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் எனப் பெயர் சொல்லியே ஒலிபரப்புவார்கள். பின்னணிப் பாடகர்களின் குரலை நாங்கள் பிரித்தறியக் கற்றது அப்படித்தான். இன்று பல நிலையங்களில் கவிஞர் பெயரே காதில் விழுவதில்லை.

அந்த ஒலிப்பதிவுகள் நேயர்களின் பழைய கேசட்டுகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் திரட்ட தங்கள் பத்திரிகை ஓர் அறிவிப்பு வெளியிட்டால் நல்லது. என்னிடம் உள்ளவற்றைத் தரத் தயார்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி