"அலகு இல்லை" என எழுதுமுன் சற்று நில்லுங்கள்



ஒளியியல் அலகைப் படித்து முடித்ததும் உங்களிற் பலர் ஒரு வரியை மனனஞ் செய்துகொள்கிறீர்கள். "முறிவுச் சுட்டிக்கு அலகு இல்லை, உருப்பெருக்கத்துக்கு அலகு இல்லை" என்பதே அவ்வரி. அது சரியான வரிதான். ஆனால் "ஏன் இல்லை?" என்று கேட்டால் விடை வருவதில்லை. இதற்கு உங்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. காரணத்தைக் கூறாது பட்டியலை மட்டும் அச்சிட்டுத் தரும் எம்மைப் போன்ற கைந்நூல் எழுதுவோரும் இதற்குப் பொறுப்பாளிகளே.

எமது கருத்து இதுதான்: அலகற்ற ஒரு கணியத்தைக் காணும்போதே நீங்கள் அலகுகளைப் பற்றி மிகக் கூடுதலாகக் கவனமெடுக்க வேண்டும். இது முரணாகத் தோன்றலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் முறிவுச் சுட்டியை எடுத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீற்றர். ஒரு வகைக் கண்ணாடியினுள் அது செக்கனுக்கு 2 × 10⁸ மீற்றர் எனக் கொள்வோம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.5 கிடைக்கும். தொகுதியிலும் பகுதியிலும் ஒரே அலகு இருந்தமையால் அது வெட்டுப்பட்டுப் போயிற்று. அதாவது, அலகு தொடக்கத்திலிருந்தே இல்லாமலிருக்கவில்லை. இருந்து, பின்னர் நீங்கியது. வேகத்தைக் கிலோமீற்றரில் அளந்தாலும் மைலில் அளந்தாலும் அதே 1.5 தான் கிடைக்கும்.

இதன் பெருமையை உணர ஒரு வரலாற்றுச் செய்தி உதவும். நெதர்லாந்தின் லைடன் நகரில் வாழ்ந்த சினெல், முறிவு விதியை 1621 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். மீற்றர் என்னும் அலகு பிரான்சில் சட்டமாக்கப்பட்டதோ 1795 இல். மீற்றரையே அறியாத சினெல் கண்ட அதே விகிதத்தைத்தான் இன்று நீங்களும் குண்டூசிகளையும் கண்ணாடிக் குற்றியையும் வைத்துக் காண்கிறீர்கள். அலகு மாறினாலும் மாறாத எண் என்பதே அலகற்ற கணியத்தின் சிறப்பு. அதனை ஒரு குறைபாடாக எண்ணாதீர்கள்.

இனி, கவனம் எங்கே தேவை எனப் பார்ப்போம். ஒரு குவிவு வில்லையின் முன் 5 மில்லிமீற்றர் உயரமான பொருள் ஒன்று வைக்கப்பட்டது. விம்பத்தின் உயரம் 2 சென்ரிமீற்றர். உருப்பெருக்கம் யாது? அவசரக்காரர் 2 ஐ 5 ஆல் வகுத்து 0.4 என எழுதுவார். "அலகு இல்லை" என்றும் சேர்த்துக்கொள்வார். அவரது விடையின்படி விம்பம் பொருளிலும் சிறியது. உண்மையில் 20 மில்லிமீற்றரை 5 மில்லிமீற்றரால் வகுக்க வேண்டும். விடை 4. விம்பம் பொருளிலும் நான்கு மடங்கு பெரியது. ஒரே அலகில் இல்லாத இரண்டை வகுத்தால் அலகு வெட்டுப்படாது. இறுதி விடையில் அலகு இல்லாதபடியால், பிழையைக் காட்டிக்கொடுக்கவும் அங்கே எதுவும் இராது. இதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்கிறோம்.

இன்னொரு தடுமாற்றம் கோணத்தில் ஏற்படுகிறது. வில்லின் நீளத்தை ஆரையால் வகுத்துக் கோணத்தைக் கூறலாம். நீளத்தை நீளத்தால் வகுப்பதால் கோணத்துக்குப் பரிமாணம் இல்லை. ஆயினும் அதற்கு அலகு உண்டு. ஒரு முழுச் சுற்றை 360 சம பங்குகளாக்கினால் ஒரு பங்கு ஒரு பாகை. ஆரையன் என்னும் வேறோர் அலகையும் உயர்தர வகுப்பில் சந்திப்பீர்கள். ஆகவே "படுகோணம் 30" என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையன்று. 30 பாகை என எழுத வேண்டும். ஆனால் அக்கோணத்தின் சைன் பெறுமானம் 0.5 என்பதற்கு அலகு இல்லை. ஏனெனில் அது எதிர்ப்பக்கத்துக்கும் செம்பக்கத்துக்கும் இடையிலான விகிதம். பரிமாணமற்றது என்பதும் அலகற்றது என்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்க.

அலகு உள்ள கணியத்தை அலகற்றதென எண்ணுவதும் நிகழ்கிறது. உங்கள் வீட்டில் யாரேனும் மூக்குக்கண்ணாடி அணிபவராயின், கண் வைத்தியர் கொடுத்த சீட்டை வாங்கிப் பாருங்கள். +2.00 அல்லது −1.50 போன்ற எண்கள் இருக்கும். அவை வெறும் எண்களல்ல, வில்லையின் வலு. அதன் அலகு தையொத்தர். இப்பெயரை 1872 இல் பிரெஞ்சுக் கண் வைத்தியரான மொனோயே முன்மொழிந்தார். குவியத்தூரத்தை மீற்றரில் எடுத்து 1 ஐ அதனால் வகுத்தாலே தையொத்தர் கிடைக்கும். குவியத்தூரம் 20 சென்ரிமீற்றர் எனின் 0.20 மீற்றர், வலு 5 தையொத்தர். 1 ஐ 20 ஆல் வகுத்து 0.05 என எழுதினால், 20 மீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையையே கூறியவராவீர்கள். அது கண்ணுக்கு ஏறத்தாழ வெறுங்கண்ணாடிதான்.

"ஓரிரு புள்ளிகள்தானே" எனச் சிலர் எண்ணக்கூடும். 1985 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஓர் ஒளியியற் சோதனை நடைபெற்றது. ஹவாய்த் தீவுகளில் மலையுச்சி ஒன்றிலிருந்து அனுப்பப்படும் லேசர்க் கதிரை விண்ணோடத்திலிருந்த ஆடி தெறிக்கச் செய்ய வேண்டும். மலையின் உயரம் ஏறத்தாழ 10,000 அடி, அதாவது சுமார் 3 கிலோமீற்றர். எண் சரியாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் கணினி அதைக் கடல் மைல் என விளங்கிக்கொண்டது. 10,000 கடல் மைல் என்பது 18,500 கிலோமீற்றருக்கும் அதிகம். சில நூறு கிலோமீற்றர் உயரத்திற் சென்ற விண்ணோடத்துக்கும் மேலே மலையுச்சி இருப்பதாகக் கணினி கருதியது. விண்ணோடம் ஆடியைப் பூமிக்குக் காட்டாமல் விண்வெளியை நோக்கித் திருப்பிக்கொண்டது. அன்றைய முயற்சி தவறியது. பின்னர் பிழை திருத்தப்பட்டு அதே பயணத்திலேயே சோதனை வெற்றி பெற்றது. அங்கே திருத்திக்கொள்ள இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்தது. பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளைக் கையளித்த பின் அப்படியொரு சந்தர்ப்பம் இல்லை.

எனவே மாணவர்களே, பட்டியலை மனனஞ் செய்வதை விட்டுவிடுங்கள். எண்களைப் பிரதியிடும் ஒவ்வொரு படியிலும் அலகையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள். விடை கிடைத்ததும் உங்களையே கேளுங்கள்: வகுத்த இரண்டும் ஒரே வகைக் கணியங்களா? ஒரே அலகில் இருந்தனவா? கிடைத்த எண் பொருத்தமானதா? மூன்றாவது வினாவைத் தவிர்க்க வேண்டாம். வேகங்களைத் தலைகீழாக வகுத்தாலும் அலகற்ற எண்ணே கிடைக்கும். வளி சார்பாகக் கண்ணாடியின் முறிவுச் சுட்டி 1 இலும் குறைவாக வந்தால், நீங்கள் தலைகீழாக வகுத்துவிட்டீர்கள் என்பதை எண்ணின் பருமனே சொல்லும்.

இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னர் "அலகு இல்லை" எனத் துணிந்து எழுதுங்கள். அப்போது அது மனனஞ் செய்த வரியாக இராது. நீங்களே நிறுவிய முடிவாக இருக்கும்.