வலிக்கும் மூட்டும் வாடும் மனமும்

தீராத மூட்டுவலியால் மனமுடைந்த மூதாட்டி உயிரை மாய்த்துக்கொண்டார் என்னும் செய்தி, நாளேடுகளின் உள்பக்கத்தில் நான்கு வரிகளில் வந்து மறைகிறது. காரணம் வலி என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். வலி தொடங்கிய நாளுக்கும் மனம் முறிந்த நாளுக்கும் இடையில் அவர் மருத்துவர்களை நாடாமல் இருந்திருக்க மாட்டார். அவர்களுள் ஒருவரேனும் அவருடைய மனநிலையைக் கேட்டாரா என்று விசாரிப்பார் இல்லை. வலியோடு சேர்ந்து வரும் மனச்சோர்வு தீர்க்கக்கூடிய நோய் என்பதால்தான் இக்கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது.

2017–18-ஆம் ஆண்டில், 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடுவண் அரசு நாடு தழுவிய முதுமை ஆய்வொன்றை நடத்தியது. 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஆனால், மருத்துவரால் அவ்வாறு கண்டறியப்பட்டதாகச் சொன்னோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

முதியவர் எவரும் மருத்துவரிடம் சென்று மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. “உடம்பெல்லாம் வலி, ராத்திரியில தூக்கமே இல்ல, சோறு இறங்கல” என்பார். மருத்துவர் முழங்காலை அழுத்திப் பார்ப்பார். வலி மாத்திரையும் களிம்பும் எழுதித் தருவார். அதற்குள் அடுத்த நோயாளி வாசலில் நிற்பார். வீட்டிலோ, “வயசானா அப்படித்தான்” என்ற ஒரே பதில். இப்பதிலைப் போலக் கொடிய அலட்சியம் வேறில்லை. மூட்டுத் தேய்ந்த ஒரு பெண்மணி குந்தி எழ முடியாமையால், இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சி மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். படியேற முடியாமல் கோயிலை விடுகிறார். பந்தியில் உட்கார இயலாது என்று உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்க்கிறார். பேரப்பிள்ளையைத் தூக்கப் போன கையை, விழுந்துவிடுவோமோ என்று பின்னிழுத்துக்கொள்கிறார். இத்தனையையும் இழந்தவரின் மனம் வாடாமல் என்ன செய்யும்?

இது வாழ்க்கைச் சூழலின் விளைவு மட்டுமன்று. உடலிலிருந்து மேலேறும் வலிச் செய்தியை மட்டுப்படுத்த மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகள் உண்டு. செரோட்டோனின், நாரட்ரீனலின் ஆகிய வேதிப்பொருள்கள் அங்கே பணிபுரிகின்றன. மனநிலையைப் பேணுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மனம் சோரும்போது இந்தத் தடுப்பும் தளர்வதால் அதே மூட்டு முன்னிலும் கடுமையாக வலிக்கிறது. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை இரண்டையும் வளர்க்கிறது. மனச்சோர்வுக்குரிய மருந்துகளுள் சில நரம்பு வலிக்கும் மூட்டுத் தேய்வு வலிக்கும் பயன்படுவது வியப்பன்று.

மூட்டு நோயும் மனச்சோர்வும் ஒருங்கே கொண்ட ஏறத்தாழ ஆயிரம் முதியோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பாதியினருக்கு மனச்சோர்வுக்கு முறையான மருத்துவமும் ஆலோசனையும் தரப்பட்டன. ஓராண்டுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்களுடைய மூட்டுவலியே குறைந்திருந்தது. அன்றாட வேலைகளுக்கு வலியால் நேர்ந்த தடையும் குறைந்திருந்தது. மனத்தைக் கவனிப்பது வலிக்கான மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

மாறாக, இங்கே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையே ஆண்டுக்கணக்கில் விழுங்கி, இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பழுதும் தேடிக்கொள்வோர் பலர். மனச்சோர்வு மருந்துகளையும் முதியோருக்கு எண்ணிப் பார்த்தே தரவேண்டும். பழைய வகை மருந்துகள் சில தலைசுற்றலையும் குழப்பத்தையும் உண்டாக்கிக் கீழே விழச் செய்யும். ஆகவே பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

அதற்கு வழியில்லாத மாநிலமன்று தமிழ்நாடு. முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவை, மருத்துவர் வ.செ. நடராசன் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எனினும் முழங்கால் நோகும் எல்லா முதியோரும் கிண்டிக்கு வர இயலாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமோ அவர்களுடைய வாசலுக்கே செல்கிறது. இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் தருகிறது. இயன்முறை மருத்துவமும் அளிக்கிறது.

அவ்வாசலில் இரண்டு வினாக்களைத் தவறாமல் கேட்கச் செய்யுங்கள் என்று அரசை வேண்டுகிறோம். கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? முதற்கட்டமாக மனச்சோர்வை அறிய உலகெங்கும் கேட்கப்படும் வினாக்கள் இவை. ஆம் என்று சொல்பவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் குறித்த நாளில் பார்க்க வேண்டும். தேவையெனில் மாவட்ட மனநலக் குழு தொடர வேண்டும். 14416 என்னும் மனநல உதவி எண்ணை வீட்டாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவருக்கு மனச்சோர்வு மாத்திரையும், இரத்த அழுத்த மாத்திரை வரும் அதே பையில் மாதந்தோறும் வீடு வந்து சேர வேண்டும்.