திருப்புளி வீரர்களும் செல்ஃப் எடுக்காத டிராக்டரும்

டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா நம்ம ஊர்ல நடக்குறது ரெண்டே விஷயம்தான் மக்களே. ஒண்ணு, "பேட்டரி போச்சுப்பா, புதுசு வாங்கிடு". இன்னொண்ணு, யாராவது ஒரு வீரர் திருப்புளியோட வந்து செல்ஃப் மோட்டார்ல ரெண்டு முனையையும் சேர்த்து வச்சு 'டைரக்ட்' கொடுத்துடுவார். முதலாவது பர்சுக்குக் கேடு. ரெண்டாவது உயிருக்கே கேடு. ரெண்டைப் பத்தியும் ரொம்ப நாளா புலம்பல் பாக்கி இருக்கு, இன்னிக்கு கொட்டிடறேன்.

டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். மேட்டூர் அணை வழக்கமா திறக்குற நாள் ஜூன் 12. அதுவரைக்கும் கோடை முழுக்க வண்டி கொட்டகையில சும்மா நிக்கும். சும்மா நின்னாலும் பேட்டரி தானா சார்ஜ் இறங்கும், டெர்மினல்ல உப்பு பூக்கும், எலி வந்து வயரை ருசி பார்க்கும். வாய்க்கால்ல தண்ணி வந்ததும் ஊரே ஒரே நாள்ல உழவுக்கு நிக்கும்போதுதான் நம்ம ஐயா சாவியைத் திருப்புவார். 'டிக்'. அவ்வளவுதான். அந்த அவசரத்துல எவனுக்குப் பொறுமையா சோதிக்கத் தோணும்?

எங்க சித்தப்பா வண்டி கதையும் அதேதான். லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கல. டவுன்ல கடைக்காரர் (பேர் வேணாம்) வண்டியைப் பார்க்காமலேயே புது பேட்டரி தலையில கட்டிட்டார். மாட்டினாங்க. அதே 'டிக்'. அப்புறம் செல்ஃபைக் கழட்டி மூட்டை கட்டிக் கொண்டு போய் கார்பன், புஷ் எல்லாம் மாத்தினாங்க. மறுபடியும் 'டிக்'. கடைசில பார்த்தா பேட்டரியிலேருந்து சேஸிஸுக்குப் போற எர்த் கேபிள். போல்ட்டுக்கு அடியில சேறும் துருவுமா இருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினதும் முதல் சுத்துலயே எடுத்துருச்சு. "ஒரு உப்புத்தாள் காசுக்கு ஆற வேண்டியது"ன்னு சித்தி இன்னும் சொல்லிக் காட்டுது.

"லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்புறம் எப்படி கரண்ட் பத்தாம போகும்?" இந்தக் கேள்விலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. ஹாரனுக்கு நாலஞ்சு ஆம்பியர் போதும். டீசல் எஞ்சினைச் சுத்துற செல்ஃப் சாதாரணமா 200 ஆம்பியருக்கும் மேல இழுக்கும். ஒரு இணைப்புல துரு பிடிச்சு 0.01 ஓம் தடை வந்துருச்சுன்னு வைங்க. ஹாரனுக்கு அது கணக்கே இல்ல. ஆனா 200 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்துலயே 2 வோல்ட் காணாமப் போயிடும். 400 வாட் சூடா அங்கேயே எரியுது. அதனாலதான் நாலு தடவை செல்ஃப் அடிச்சுட்டு டெர்மினலை லேசாத் தொட்டுப் பார்த்தா, எது சுடுதோ அதுதான் குற்றவாளி.

காதையும் தீட்டி வச்சுக்கணும். படபடன்னு தொடர்ந்து 'டிக் டிக்' சத்தம் வந்தா பேட்டரி இறங்கியிருக்கு, இல்ல இணைப்பு சரியில்ல. ஒரே ஒரு 'டிக்'னு கனமாக் கேட்டா சொலினாய்டு, செல்ஃப், இல்லைன்னா அந்தப் பெரிய கேபிள்கள். சத்தமே இல்லைன்னா பியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச் பக்கம் போங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க. லைட் செத்துப் போனா பேட்டரி இல்லைன்னா இணைப்பு. லைட் அசையாம எரிஞ்சா, கரண்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்ல.

மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கறது தப்பே இல்ல. வண்டி சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 காட்டினா முழு சார்ஜ். ஆனா அதோட நிறுத்திடாதீங்க, நம்ம மெக்கானிக்குகள் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திடறாங்க. வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஸ்டாப் கொக்கியை இழுத்து வச்சுக்கிட்டு (எஞ்சின் ஓடக் கூடாது, சுத்த மட்டும் செய்யணும்), சீட்ல ஒருத்தரை உட்கார வச்சு சாவியைத் திருப்பச் சொல்லுங்க. அப்போ 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். அடுத்து பேட்டரி நெகட்டிவ் முனைல ஒரு கம்பி, எஞ்சின் பிளாக்ல ஒரு கம்பி வச்சு அதே மாதிரி சுத்தும்போது பாருங்க. அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் காலி. சித்தப்பா வண்டிக்கு முதல் நாளே இதைச் செஞ்சிருந்தா, புது பேட்டரிக் காசு மிச்சம்.

இப்போ நம்ம திருப்புளி வீரருக்கு வருவோம்.

நியூட்ரல் சுவிட்சோ கிளட்ச் சுவிட்சோ எதுக்கு வச்சிருக்கான்? வண்டி கியர்ல இருந்தா செல்ஃப் சுத்தாம தடுக்க. டைரக்ட் கொடுத்தா அந்தக் காவல்காரனைச் சுத்தி வளைச்சுப் போறோம். நம்ம ஊர்ல ஹேண்ட் பிரேக்கை நம்பாம கியர்ல போட்டு நிறுத்துறதுதான் பழக்கம். செல்ஃப் மோட்டார் இருக்குறது எஞ்சின் பக்கவாட்டுல, அதாவது திருப்புளி பிடிக்கிற ஆள் நிக்கிறது பின் சக்கரத்துக்கு நேர் முன்னாடி. பழைய டீசல் எஞ்சினுக்கு ஓடறதுக்கு கரண்டே வேணாம், சாவி கூட வேணாம், சுத்தினா பத்திக்கும். வண்டி கிளம்பும். ஒதுங்க நேரமே கிடைக்காது. உலகம் பூரா டிராக்டர் கையேடுகள்ல 'சீட்ல உட்காராம ஸ்டார்ட் பண்ணாதே'ன்னு எச்சரிக்கை போடறது இதனாலதான். இப்படிச் செத்தவங்க நிறையப் பேர். அதுல பல வருஷம் வண்டி ஓட்டின அனுபவசாலிகளும் உண்டு.

எனக்கு இதைவிடக் கடுப்பு அந்த 'ப்ரீ சர்வீஸ்' எலக்ட்ரீசியன்கள் மேல. நியூட்ரல் சுவிட்ச் கெட்டுப் போச்சுன்னா மாத்தறதில்ல. ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தி, "இனிமே தொல்லையே இல்லண்ணே"ம்பாங்க. நாமளும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். அடுத்த சீசன்ல வேற ஒரு டிரைவர், இந்த சமாச்சாரம் தெரியாம, கீழ நின்னபடியே சாவியைத் திருப்புவான். பிரேக்கைக் கழட்டிக் கொடுத்த மெக்கானிக்கை சும்மா விடுவோமா? இதுவும் அதே ரகம்தான். பழைய வண்டி வாங்கறவங்க முதல் வேலையா, சீட்ல உட்கார்ந்து, பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு, முன்னாடி பின்னாடி யாரும் இல்லாம, ஸ்டாப் கொக்கியை இழுத்து வச்சு, கியர்ல போட்டுட்டு கிளட்ச் அமுக்காம ஒரு நொடி சாவியைத் திருப்பிப் பாருங்க. செல்ஃப் சுத்துச்சுன்னா யாரோ முறுக்கி வச்சிருக்காங்க, இல்லைன்னா சுவிட்ச் கெட்டிருக்கு.

சுவிட்சைச் சோதிக்கவும் திருப்புளி வேணாம். சொலினாய்டுக்கு வர்ற மெல்லிய வயரைக் கழட்டி, அதோட நுனிக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு டெஸ்ட் லாம்ப் மாட்டுங்க. நியூட்ரல்ல கிளட்சை மிதிச்சு சாவியைத் திருப்பும்போது லாம்ப் எரிஞ்சா அதுவரைக்கும் சரி. எரியலைன்னா பியூஸ்லேருந்து ஒவ்வொண்ணா முன்னேறுங்க. வயர் கழண்டு இருக்குறதால எஞ்சின் சுத்தவே சுத்தாது, யார் காலும் போகாது.

இந்தியாவுல 50 குதிரைத்திறனுக்கு மேல இருக்குற டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலேருந்து டிரெம் 4 மாசு விதி வந்துருச்சு. அந்த விதிக்கு வந்த வண்டிகள்ல டீசல் அளவை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்குது. அதுல போய் நம்மாளு திருப்புளியை விட்டா வீரம் எவ்வளவு செலவு வைக்கும்னு பில் வரும்போது தெரியும் :)

கோடைல வண்டியை நிறுத்தும்போது பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டிடுங்க, திரும்ப மாட்டும்போது அது கடைசி. மாசம் ஒரு தடவை சார்ஜ் போடுங்க. உப்பு பூத்திருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவி (மூடித் துவாரத்துல இறங்காம), காய வச்சு, இறுக்கி, மேல வேசலின் தடவுங்க. எர்த் போல்ட்டையும் ஒரு தடவை கழட்டித் தேய்ச்சுடுங்க.

டிஸ்கி: எனக்கும் பேட்டரி கடைக்காரங்களுக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு எதுவும் கிடையாது. சித்தப்பா வாங்கின அந்தப் புது பேட்டரி நல்லாத்தான் ஓடுது. பழசு இப்போ அவர் வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கு.