பழக்கமில்லாதவன் பயனற்றவனா?

முதல் நாள் வேலைக்குப் போகும் பையனுக்குக் கை நடுங்குகிறது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு, உப்புச் சாடி எங்கே என்று கேட்கவே கூச்சம். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் சிரித்துவிட்டால் போதும். பாதி உயிர் போய்விடும்!

தெரியாமல் இருப்பது அவ்வளவு பெரிய குற்றமா? செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

பாம்பென்றால் படையும் நடுங்கும். இருளர்கள் நடுங்குவதில்லை. மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவற்றைப் பார்த்தே பாம்பு இருக்கும் வளையைக் கண்டுகொள்வார்கள். முன்பு பாம்பைக் கொன்று, தோலை விற்றுப் பிழைத்தார்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கை கொடுத்த தொழில் போயிற்று. இனி என்ன செய்வது?

1978-ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணை நின்றார். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் சங்கம் அமைந்தது.

வேலை புதிது. பாம்பைக் கொல்லக் கூடாது. உயிரோடு பிடித்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுக்க வேண்டும். சில வாரம் கழித்துக் காட்டிலேயே விட்டுவிட வேண்டும். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. பிடிப்பதில் சூரர்கள், இந்த வேலைக்குப் புதியவர்கள் ஆனார்கள். கற்றுக்கொண்டார்கள். உயிரை எடுத்த கை, உயிரைக் காக்கும் கை ஆயிற்று!

கதை இதோடு முடியவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மா மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. ஆசையாக வளர்த்தவர்கள் வெளியே விட்ட பாம்புகள், சதுப்புக் காட்டில் குஞ்சு பொரித்துப் பெருகி, அங்குள்ள பிராணிகளைத் தின்று தீர்த்தன. 2016-ல் அங்கே ஒரு மாதம் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டும் 106 பாம்புகளே சிக்கின.

2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். புது நாடு. புதுக் காடு. தங்கள் ஊரில் இல்லாத பாம்பு. பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அங்கே அவர்களைவிட அனுபவம் இல்லாதவர் யார்?

ஆனால் அவர்கள் அவசரப்படவில்லை. மற்றவர்கள் சாலையோரத்தில் தேடியபோது, இவர்கள் புதருக்குள் நுழைந்தார்கள். நின்று பார்த்தார்கள். தடம் தேடினார்கள். 8 நாளில் 13 பாம்புகள்! ஒன்றின் நீளம் 16 அடி! ஒரு மாதம் முடிவதற்குள் 27 பாம்புகள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதில் பாடம் என்ன? எவ்வளவு தேர்ந்தவரும், புது இடத்துக்குப் போனால் புதியவர்தான். அதில் வெட்கம் இல்லை. தெரிந்தவன் போல நடிப்பதுதான் ஆபத்து. பாம்பிடம் அந்த நடிப்பு ஒரு நாளும் பலிக்காது. பட்டறையிலும், மருத்துவமனையிலும், பேருந்து ஓட்டும் இடத்திலும் அப்படித்தான். அங்கே ஒருவர் நடித்தால் இன்னொருவர் உயிர் போகும்.

புதியவர் செய்ய வேண்டியது மூன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். கூர்ந்து பார்க்கவேண்டும். ஏற்கெனவே கற்றதைக் கைவிடாமல் இருக்கவேண்டும். வயல் வேலையில் வந்த பொறுமை ஆலையிலும் உதவும். வீட்டுக் கணக்குப் போட்ட பெண்ணுக்குக் கடைக் கணக்கு எட்டாத கனி அல்ல.

பெரியவர்களுக்கும் கடமை உண்டு. "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டே கதவைச் சாத்தினால், அனுபவம் எங்கிருந்து வரும்? இருளர்களைப் பழைய தொழிலோடு தள்ளிவிட்டிருந்தால், நாட்டுக்கு எத்தனை உயிர் நஷ்டம்!

இன்று ஒரு புதியவர் உங்கள் வாசலில் நின்றால், சிரிக்காதீர்கள். பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டுங்கள்.