பெரியவர்களுக்குச் செய்த யந்திரம், பிஞ்சுகளுக்கு வந்த நோய்

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான். அந்த இரத்தத்திலிருந்து மூல அணுக்களைப் பிரித்தெடுக்கும் யந்திரமோ, தன் குழாய்களை நிரப்பிக்கொள்ளவே சுமார் 200 மில்லிலிட்டர் கேட்கிறது. நாலில் ஒரு பங்கு! புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளின் சிகிச்சையில் வைத்தியர்கள் தாண்டவேண்டிய பெரிய கண்டம் இது.

மூல அணு எதற்கு? நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களையே பிடிக்கிறது. அதன் கொடிய வகையை ஒழிக்க மிகக் கடுமையான மருந்து தேவை. அந்த மருந்து நோயோடு, இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடும். ஆகவே குழந்தையின் சொந்த மூல அணுக்களை முன்கூட்டியே எடுத்து, திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்து, மருந்தின் வேகம் ஓய்ந்தபின் திருப்பிச் செலுத்துகிறார்கள். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு வயலைக் கொளுத்துவது போலத்தான்.

ஜி-சி-எஸ்-எஃப் என்ற ஊசியைச் சில நாட்கள் போட்டால் மஜ்ஜையிலுள்ள மூல அணுக்கள் இரத்தத்தில் இறங்குகின்றன. யந்திரம் இரத்தத்தைச் சுழற்றி அவற்றை ஒதுக்கிக்கொண்டு, மீதியைத் திருப்பித் தருகிறது. குழந்தை மிகச் சிறியதானால், யாரோ தானம் செய்த சிவப்பணுக்களால் யந்திரத்தை முதலிலேயே நிரப்பிவிடுகிறார்கள். கை நரம்பு போதாது. பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தவேண்டும். இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலின் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும். பெரியவரானால் உதடு மரத்துப்போகிறது என்று சொல்வார். இரண்டு வயதுக் குழந்தை அழத்தான் செய்யும். எந்த அழுகை எதற்கென்று நர்ஸுகள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

எடுத்தது போதுமா? உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் மூல அணுக்களாவது வேண்டும். 50 லட்சம் இருந்தால் நிம்மதி. 2019-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று இந்தத் தேவையை இரட்டிப்பாக்கியது. இச்சிகிச்சையை ஒருமுறை பெற்ற குழந்தைகளில், மூன்றாண்டுக்குப்பின் நோய் திரும்பாமல் பிழைத்திருந்தோர் 48 சதவீதம். அடுத்தடுத்து இருமுறை பெற்றவர்களிலோ ஏறக்குறைய 62 சதவீதம்! இருமுறை என்றால் அணுவும் இரு பங்கு. மருந்து ஏற ஏற மஜ்ஜை வற்றுகிறது. அதனால்தான் ஆரம்பக் கட்டத்திலேயே சேகரித்துவிட அவசரப்படுகிறார்கள்.

அணுக்கள் இறங்க மறுத்தால் பிளெரிக்சாபர் என்ற மருந்து கைகொடுக்கிறது. ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு அதைக் கொடுக்க 2009-ல் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு 2019-ல்! குழந்தைகளிடம் மருந்துப் பரிசோதனை நடத்தத் தயங்குவது நியாயமே. ஆனால் அந்தப் பத்து வருஷமும் நோய் தயங்கவில்லையே! வைத்தியர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 2019-ல் வந்த அனுமதியும் ஒரு வயது நிரம்பியவர்களுக்கு மாத்திரமே.