ஒலிவாங்கிக்கு அருகில் யார்?



மட்டாஞ்சேரியிலிருந்து சிறிது தொலைவில், வெளி என்னும் இடத்தில், தோபிகானா இருக்கிறது. அங்கே துணி வெளுப்போர் நம் தமிழர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இன்றுள்ள கட்டடம் 1976-இல் எழுந்தது. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான்; அவர்கள் பேச்சைப் பதிந்து வைக்க ஆவல் கொண்டதில் வியப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்மர் கூடினர். செல்பேசியை மேசை நடுவே வைத்தேன். இரண்டு மணி நேரப் பேச்சு! ஒருவர் தொடங்க, மற்றவர் மறுக்க, இன்னொருவர் சிரிக்க, சுவரோரம் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் துணிக்குக் கஞ்சி போடும் பக்குவத்தை, மாமியாரிடம் வாங்கிய ஏச்சோடு சேர்த்துச் சொன்னார். அடடா, அதுவன்றோ தமிழ்! விடுதிக்குத் திரும்பிக் கேட்டேன். மின்விசிறி பேசியது. இஸ்திரிப் பெட்டி பேசியது. மேசையருகே இருந்த இளைஞர் பேசினார். பாட்டி பேசவில்லை.

மறுவாரம் போய்க் கேட்டேன். “அன்னைக்கே எல்லாம் சொல்லியாச்சே தம்பி” என்றார். வற்புறுத்தவே சொன்னார், நான்கே வரியில், படித்த பிள்ளைக்கு ஏற்ற திருத்தமான தமிழில். மறுக்க ஆளில்லை, சிரிக்க ஆளில்லை, மாமியாரும் வரவில்லை. குற்றம் என்னுடையது. இயற்பியல் படிப்பவன் நான்!

பலர் பேசும் கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் செவி எவ்வாறு பிரித்தெடுக்கிறது என்று காலின் செரி 1953-இல் ஆராய்ந்தார். இரு செவியும் மூளையும் கூடிச் செய்யும் வித்தை அது. மேசைமேல் கிடக்கும் கருவிக்கு அவ்வித்தை வராது. தொலைவு இருமடங்கானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் இருந்த இளைஞரைவிட, இரண்டு மீட்டரில் இருந்த பாட்டியின் குரல் 12 டெசிபல் தாழ்ந்து வந்தது. விசிறியின் இரைச்சலோ தாழவில்லை. அதில் பாட்டி மூழ்கிவிட்டார்.

இது வெறும் கருவிச் செய்தியா? அன்று! உரத்த குரலுடையோர் எங்கும் நடுவில் அமர்கிறார்கள். பெண்களும் முதியோரும் சுவரோரம் அமர்கிறார்கள். நாம் கருவியை நடுவில் வைத்துவிட்டு, “மக்கள் பேச்சைப் பதிந்தோம்” என்கிறோம். யாருடைய பேச்சை?

அண்டையில் ஒரு பாடம் இருக்கிறது. 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. 1948-இல் இஸ்ரேல் பிறந்த பின்னர் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்தம் பெண்கள் கூடிப் பாடிய மலையாளப் பாடல்கள் 2004-இல் ஒலித்தட்டாக வந்தன; வெளியிட்டது ஜெருசலேமில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகம்! ஊரின் குரலைக் கேட்க ஊரார் கடல் கடந்து போக வேண்டியதாயிற்று. நமக்கும் அந்நிலை வேண்டுமா?

செய்ய வேண்டுவது பெரிதன்று. விசிறியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவரும் ஓட்டுத் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். 1895-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக மண்டபம் ஒன்றின் எதிரொலியை ஆராயப் புகுந்த சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கியே அளந்தார். தோபிகானாவில் துணிக்கா பஞ்சம்? மடித்த துணி அடுக்கிய அறையே போதும். நால்வர் ஐவராக நெருங்கி வட்டமாக அமருங்கள். மடித்த துண்டின்மேல் கருவியை வையுங்கள். மேசைத் தட்டல் ஏறாது. மெல்லிய குரலினர் அருகில் அதை நகர்த்துங்கள். இரண்டு கருவிகள் இருப்பின் இருபுறமும் வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். பின்னர் இரண்டையும் ஒன்றிணைக்க அது உதவும். ஒரு நிமிடம் பதிந்து, செவிப்பொறி மாட்டிக் கேட்டபின் தொடருங்கள். அனைத்துக்கும் முன்னே அவர்கள் இசைவைக் கேளுங்கள்.

“செயற்கை நுண்ணறிவு இரைச்சலை நீக்கிவிடுமே” என்பர் சிலர். நீக்கும், மறுக்கவில்லை. ஆனால் பதியாத சொல்லை அது எங்கிருந்து எடுக்கும்? ஊகித்து ஒரு சொல்லை இட்டால் அது பாட்டியின் சொல் ஆகாது. “கருவியைக் கண்டால் பேச்சு இயல்பாக வராதே” என்பர் வேறு சிலர். கால் மணி நேரம் பொறுங்கள். பேச்சில் சூடேறியதும் கருவியை எவரும் நினையார்.

நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. மேடையில் தமிழின் பெருமை பேசுகிறது. நன்று. இவ்வாண்டு நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு மட்டாஞ்சேரிப் பக்கம் செல்வோம். நாம் மேடையில் பேசியது போதும். சுவரோரம் இருப்பவர் பேசட்டும். ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்துவோம், வாருங்கள்!